மாஸ்டர்ஸ் நேர்முகத்துக்கு முன் யாரிடம், என்ன கேட்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வேலை பார்க்கும் எம்.ஓ.வுக்கு (மருத்துவ அதிகாரிக்கு) மாஸ்டர்ஸ் எனும் நிபுணர் பயிற்சியைப் பற்றிய சேதி பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வரும். "அது பேர்போன இடம்" என்பார் ஒருவர். "அங்கே போகாதே, சக்கையாகப் பிழிவார்கள்" என்பார் இன்னொருவர். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். யூ.எம்., யூ.கே.எம்., யூ.எஸ்.எம். எல்லாம் பல்கலைக்கழகத்தின் பெயர்கள். நீங்கள் 4 ஆண்டுகள் உழைக்கப்போவது அதிலுள்ள ஒரு துறையில். குழந்தை மருத்துவம் செழிப்பாக நடக்கும் வளாகத்திலேயே எலும்பு மருத்துவம் ஆளில்லாமல் திணறலாம்.

சொல்பவர் அங்கே எந்த ஆண்டு இருந்தார்? முதல் கேள்வி இதுதான். துறைத் தலைவர் ஓய்வுபெற்று, மூத்த நிபுணர் இருவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டால் துறையே வேறாகிவிடும். பழைய பேச்சு மட்டும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும். கெட்ட பெயருக்கும் இதே கதைதான். துறையின் இணையப் பக்கத்தில் இப்போதுள்ள பெயர்களை எடுத்து, தேசிய நிபுணர் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

ஆட்களைத் தேட கோலாலம்பூர் வரை போக வேண்டியதில்லை. பல்கலைக்கழக மருத்துவமனைக்குள்ளேயே அடைபடாத திறந்த முறையில் படிப்பவர்கள் பயிற்சியின் ஒரு பகுதியைச் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் கழிக்கிறார்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். முதலாண்டில் ஒருவர், கடைசி ஆண்டில் ஒருவர், பாதியில் விட்டுப்போனவர் ஒருவர் என மூவர் வேண்டும். மூன்றாமவரைப் பிடிப்பது கடினம், ஆனால் அவர் சொல்வதற்குத்தான் எடை அதிகம். எழுத்தில் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். போன் போடுங்கள், ஆன்-கால் எனும் இரவுப் பணி முடிந்த போஸ்ட்-கால் நாளில் மட்டும் வேண்டாம்.

"எப்படி அண்ணே இருக்கு?" என்று கேட்டால் "ஓகேலா" என்றுதான் பதில் வரும். கணக்குக் கேளுங்கள். உங்கள் பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தீர்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் இறுதித் தேர்வு எழுதினார்கள், முதல் முறையிலேயே தேறியவர்கள் எத்தனை? மாதத்துக்கு எத்தனை ஆன்-கால்? வார்டு நிரம்பினால் வகுப்பு ரத்தாகுமா? செய்த சிகிச்சைகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் சொந்தக் கையால் செய்தவை எத்தனை, உதவிக்கு நின்றவை எத்தனை?

தீசிஸை (ஆய்வேட்டை) மட்டும் துருவிக் கேளுங்கள். பலருக்குப் படிப்பு நீள்வது அதனால்தான். அமைச்சின் மருத்துவமனையில் தரவு எடுக்க என்.எம்.ஆர்.ஆர். (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் எம்.ஆர்.இ.சி. (மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழு) ஒப்புதலும் வேண்டும். அதன்பிறகுதான் நோயாளிகளைச் சேர்க்கவே தொடங்க முடியும். தலைப்பே மூன்றாம் ஆண்டில்தான் முடிவாகிறது என்றால், அடுத்த செமஸ்டருக்கும் சேர்த்துக் கட்டணம் எடுத்துவைக்க வேண்டியதுதான்.

வேலை அதிகம் என்பது குறையல்ல, கை பழக அது வேண்டும். நோயாளி முன்னால் திட்டுவது, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் பழிவாங்குவது வேறு விஷயம். ஒருவரையொருவர் அறியாத மூவர் அதே நடத்தையைச் சொன்னால் கணக்கில் எடுங்கள். ஒரே குழுவில் இருக்கும் மூவர் சொன்னால் அது ஒரு வாய்தான்.

உங்கள் பக்கத்துக் குறையையும் பாருங்கள். டெங்கி, எலிச்சிறுநீர்க் காய்ச்சல், செம்பனைத் தோட்டத்துப் பாம்புக்கடி எல்லாம் உங்களுக்குப் பழக்கம். வென்டிலேட்டர் தேவைப்படும் நோயாளியை ஈப்போவுக்கு அனுப்பித்தான் பழக்கம் என்றால், தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிக மாதங்கள் தரும் துறையே உங்களுக்கு நல்ல துறை, பெயர் சிறியதானாலும்.

மாஸ்டர்ஸுக்குப் பதில், மருத்துவமனையில் பயிற்சி பெற்றபடியே வெளிநாட்டுக் கல்லூரியின் தகுதித் தேர்வு எழுதும் பேரலல் பாத்வேயில் போகிறவர்கள் மருத்துவமனையை விசாரிக்குமுன் தகுதியின் அங்கீகாரத்தைப் பாருங்கள். எடின்பரோ இதய அறுவைத் தகுதி பெற்றவர்களுக்கு நிபுணர் பதிவு மறுக்கப்பட்டு, 2024இல் மருத்துவச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

திரட்டியதை நேர்முகத்தில் ஒப்பிக்காதீர்கள். "உங்கள் துறையில் தீசிஸ் சிக்கலாமே" என்பது வம்பு. "தலைப்பு எந்த மாதத்துக்குள் முடிவாகும், டாக்டர்?" என்று கேளுங்கள். மாதத்தைச் சொல்கிறார்களா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.