ஆர் மொழியில் புரோகிரஸ் பார்: என்னைப் படுத்திய தவறுகள்

நீண்ட நேரம் ஓடும் ஃபங்ஷன் எழுதுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் புரோகிரஸ் பார் (வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை) ஆசை வந்துவிடும். புதியவர்கள் சிலரின் நிரல்களை அண்மையில் படித்தேன். நான் எப்போதோ செய்த தவறுகள் அப்படியே வரிசைகட்டி நின்றன. அடைப்புக்குறி விட்டுப்போவது போன்றவற்றை ஆர் தானே சொல்லிவிடும், அவை இங்கே வேண்டாம்.

எம்சி-எல்அப்ளைக்குள் எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 1,000 பூட்ஸ்ட்ராப் மாதிரிகள் (ஒரே தரவிலிருந்து மறுபடி மறுபடி எடுத்தவை) வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் மேலும் வரிசையாக ஃபங்ஷனை ஓட்டும் சாதாரண எல்-அப்ளையில் (lapply), சுற்றுக்கு ஒன்று என <<- (ஃபங்ஷனுக்கு வெளியே உள்ள மாறியை மாற்றும் குறி) போட்டுக் கூட்டி, பாரை நகர்த்தினேன். ஒழுங்காக ஓடியது. வேகம் போதவில்லை என்று, அதே வேலையைப் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டும் எம்சி-எல்அப்ளைக்கு (mclapply) மாற்றி, 4 கோர் கொடுத்து, இரவு ஓடவிட்டேன்.

காலையில் பார் 24%-இல் இருந்தது. நடுவில் 23-க்குப் பின்வாங்கி, மறுபடி 24-க்கு வந்தது. ராத்திரி முழுக்க ஓடியும் கால்வாசிதான் என்றால் இன்னும் மூன்று ராத்திரி ஆகுமே என்று கணக்குப் போட்டு நிறுத்திவிட்டேன்.

உண்மையில் வேலை 96% முடிந்திருந்தது. எம்சி-எல்அப்ளை ஃபோர்க் செய்யும்போது, அதாவது ஓடும் ஆர் புராசஸை (தாய்) நகலெடுத்துச் சேய்களை உருவாக்கும்போது, ஒவ்வொரு சேய் புராசஸுக்கும் நினைவகத்தின் தனிப் பிரதி கிடைக்கிறது. <<- அந்தப் பிரதியை மட்டுமே மாற்றும், தாய் புராசஸுக்குச் செய்தி போகாது. வேலையும் முன்கூட்டியே நான்காகப் பிரிக்கப்படுவதால் ஒவ்வொரு சேயும் 250 வரைதான் எண்ணும். நான்கும் ஒரே வரியில் மாறிமாறி எழுதியதால்தான் அந்தப் பின்வாங்கல். அந்தப் பார் 25%-ஐத் தாண்டவே முடியாது. முடிவுகள் கடைசியில்தான் மொத்தமாகக் கைக்கு வரும் என்பதால், நிறுத்தியதும் எல்லாம் போயிற்று. (நடுநடுவே சேவ்-ஆர்டிஎஸ் (saveRDS) போட்டு முடிவுகளைக் கோப்பில் சேமித்து வைத்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.)

எண்ணும் வேலை தாய் புராசஸிடம் இருக்க வேண்டும். சுலபமான வழி பிபி-அப்ளை (pbapply) பேக்கேஜ்: அதன் பிபி-எல்அப்ளையில் 'சிஎல்' (cl) என்ற இடத்தில் கோர் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும். வேலையைப் பிரித்து ஓட்ட ஃபியூச்சர் (future) பேக்கேஜைப் பயன்படுத்துகிறவர் என்றால் ஹென்ரிக் பெங்ட்சன் எழுதிய புரோகிரஸ்-ஆர் (progressr) பேக்கேஜ் சரியாக வரும். சேய்கள் 'ஒன்று முடிந்தது' என்று தகவல் அனுப்பும், தாய் வரையும்.

பாரைத் திணிப்பது

உங்கள் ஃபங்ஷனை வேறொருவர் அறிக்கைக்குள்ளோ லாக் கோப்புக்குள்ளோ ஓட்டுவார். ஆருடன் வரும் டெக்ஸ்ட் புரோகிரஸ் பார் (txtProgressBar) வழக்கமாக எழுதுவது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில், அதாவது முடிவுகள் அச்சாகும் அதே இடத்தில். ஆகவே அவருடைய பக்கம் முழுக்க சமக்குறிகள் கொட்டும். குறைந்தது அணைக்க ஒரு வழி கொடுங்கள். புரோகிரஸ்-ஆரில் இந்தத் தொல்லை இல்லை, பயனர் கேட்காமல் பார் தோன்றாது.

காலித் தரவு

தரவு காலியாக இருந்து பாரின் அதிகபட்சம் 0 என்றால் டெக்ஸ்ட் புரோகிரஸ் பார் பிழை காட்டி நின்றுவிடும், முதலில் நீளத்தைச் சரிபாருங்கள்.

மூட மறப்பது

பாரை உருவாக்கிய அடுத்த வரியிலேயே, ஃபங்ஷன் முடியும்போது தானே ஓடும் ஆன்-எக்ஸிட்டுக்குள் (on.exit) குளோஸ் (close) போடுங்கள். நடுவில் பிழை வந்தாலும் மூடிக்கொள்ளும்.