டிவிடி பிளேயரில் டவுன்லோட் வீடியோ: டிஸ்க்கை வீணாக்கும் தவறுகள்

கணினியில் அருமையாக ஓடிய வீடியோ அது. டிஸ்க்கில் எழுதி டிவிடி பிளேயரில் போட்டால் கோப்பின் பெயர் திரையில் வருகிறது. பிளே அழுத்தினால் குரல் மட்டும் கேட்கிறது, படம் இல்லை, வெறும் கறுப்பு. டிஸ்க் சரியில்லையோ என்று இன்னொன்றில் எழுதிப் பார்க்கிறோம். அதே கறுப்பு. இந்த நிலையில் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கோப்புக்குள்ளே என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?" பெரும்பாலும் யாரும் பார்த்திருப்பதில்லை.

ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்று பெயருக்குப் பின்னால் வருவது உறை மட்டுமே. உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை உறை சொல்லாது. அந்த மொழிக்குப் பெயர்தான் கோடெக். கணினிக்குத் தெரியாத கோடெக் வந்தால் ஒரு மென்பொருளை நிறுவிக் கற்றுக்கொடுத்துவிடலாம். விலை குறைந்த டிவிடி பிளேயரில் அந்த வழியே கிடையாது. அதன் சிப்புக்குத் தொழிற்சாலையில் என்ன கற்றுக்கொடுத்தார்களோ அதுவே கடைசி வரை. கணினியில் எத்தனை கோடெக் பேக் நிறுவினாலும் பிளேயருக்கு ஒரு மாற்றமும் வராது.

இதனால்தான் எம்கேவி கோப்பின் பெயரை ஏவிஐ என்று மாற்றி எழுதுவது வீண் வேலை. உறை மேல் முகவரியை மாற்றி எழுதினால் கடிதத்தின் மொழி மாறாது. முன்பு பட்டியலிலேயே வராத கோப்பு இப்போது பட்டியலில் வரும், அவ்வளவுதான். ஓடாது.

இன்னொரு குழப்பம் பிளேயரின் அட்டைப்பெட்டியிலேயே தொடங்குகிறது. அங்கே 'எம்பெக்4' என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து எல்லா எம்பி4 கோப்பும் ஓடும் என்று நம்பிவிடுகிறோம். எம்பெக்4 என்பது பல பாகங்கள் கொண்ட ஒரு பெரிய தர வரையறை. அதன் 2ஆம் பாகத்தில் வருபவைதான் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்ற கோடெக்குகள் எல்லாம். பிளேயர் சொல்லும் எம்பெக்4 இதுதான். 10ஆம் பாகம் ஹெச்.264 என்ற கோடெக். 2003இல் வெளிவந்த அதுதான் இன்று நாம் டவுன்லோட் செய்யும் வீடியோக்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருக்கிறது. பெயரில் இரண்டும் உறவினர்கள், ஆனால் ஒன்றைப் படிக்கும் சிப்பால் மற்றொன்றைப் படிக்க முடியாது. அதற்கும் பிறகு வந்த ஹெச்.265 என்றால் சொல்லவே வேண்டாம்.

பார்க்க ஒரு நிமிடம் போதும். விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் வீடியோவை ஓடவிட்டு, கருவிகள் மெனுவில் கோடெக் தகவலைத் திறந்தால் எல்லாம் தெரியும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் விளக்கமாகக் காட்டும். கவனிக்க வேண்டியவை நான்கு: வீடியோ கோடெக், படத்தின் அளவு, ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலியின் கோடெக். கோடெக் எக்ஸ்விட்டாகவே இருந்தாலும் படத்தின் அளவு 1280க்கு 720 பிக்சல் என்றால் பல பிளேயர்கள் மறுத்துவிடும். அவற்றின் எல்லை நொடிக்கு 25 ஃபிரேமுக்கு 720க்கு 576, 30 ஃபிரேமுக்கு 720க்கு 480. படம் வந்து குரல் வரவில்லை என்றால் ஒலி ஏஏசியாகவோ டிடிஎஸ்ஸாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். எம்பி3, ஏசி3 இரண்டும்தான் நம்பகமானவை.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அடுத்த தவறுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

பலர் முதலில் போவது ஹேண்ட்பிரேக்குக்கு. நல்ல மென்பொருள்தான், ஆனால் இந்த வேலைக்கு அல்ல. 2009இல் வந்த 0.9.4 பதிப்பிலேயே ஏவிஐயைக் கைவிட்டுவிட்டார்கள். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பொருத்தம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, 100 நிமிடம் ஓடும் ஒரு விரிவுரை இருக்கிறது என்று வையுங்கள். 1280க்கு 720, ஹெச்.264, ஏஏசி. அவிடெமக்ஸில் திறந்து, வீடியோவுக்கு எக்ஸ்விட், ஒலிக்கு எம்பி3, உறைக்கு ஏவிஐ என்று தேர்ந்தெடுங்கள். அளவை 720க்கு 400 ஆகக் குறையுங்கள். இரண்டு எண்ணும் 16ஆல் வகுபடுவதால் கோடெக்குக்குச் சிக்கல் இல்லை, பக்க விகிதமும் கண்ணுக்குத் தெரியாத அளவே மாறும். பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு, வீடியோவுக்கு 1200 கிலோபிட், ஒலிக்கு 128. மொத்தக் கோப்பு ஏறத்தாழ 1 ஜிபி. 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் இப்படி நான்கு விரிவுரைகள் அடங்கும்.

எக்ஸ்விட் அமைப்புகளுக்குள் போனால் ஜிஎம்சி, கியூபெல் என்று, படத்தின் அசைவை நுட்பமாகக் கணக்கிடும் இரண்டு வசதிகள் கண்ணில் படும். தரம் கூடும் என்று ஆசைப்பட்டு அவற்றைப் போட்டுவிடாதீர்கள். கணினி தாங்கும், மலிவான சிப் திணறும். கேமரா நகரும் இடங்களில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அசையாத காட்சிகளில் மறுபடி சரியாகிவிட்டால், இந்த இரண்டில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஒலியையும் ஒரே சீரான பிட்ரேட்டிலேயே வையுங்கள். மாறும் பிட்ரேட் எம்பி3யை ஏவிஐக்குள் வைத்தால் சில பிளேயர்களில் உதட்டசைவும் குரலும் நேரம் போகப் போக விலகிக்கொண்டே போகும்.

செல்போனில் எடுத்து யாரோ அனுப்பிய வீடியோவிலும் இதே விலகல் வரும், ஆனால் காரணம் வேறு. செல்போன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கிறது. ஏவிஐயில் மாறும் வேகத்துக்கு இடமில்லை. மாற்றும்போதே 25 என்றோ 30 என்றோ நிலையாக வைத்துவிட வேண்டும். பிட்ரேட்டை இரட்டிப்பாக்கினால் மங்கலான வீடியோ தெளிவாகும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. மூலத்தில் இல்லாத விவரம் மாற்றத்தில் வராது. கோப்புதான் வீங்கும்.

வீட்டில் வயதானவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் ஏவிஐயோடு மல்லுக்கட்டவே வேண்டாம் என்பேன். டிவிடி ஸ்டைலர் போன்ற மென்பொருளில் முறையான டிவிடி வீடியோவாகவே செய்துகொடுங்கள். படத்துக்கு எம்பெக்2, ஒலிக்கு ஏசி3, எல்லாம் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள். பிளேயர் பிறந்ததே இதை ஓட்டத்தான். நேரம் அதிகம் பிடிக்கும், ஒரு டிஸ்க்கில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம்தான் அடங்கும். ஆனால் டிஸ்க்கைப் போட்டதும் தானாக ஓடும், ரிமோட்டில் அடுத்த பகுதிக்குத் தாவலாம், பட்டியலில் கோப்பைத் தேட வேண்டியதில்லை. கண் மங்கிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் அம்மா ரிமோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பொத்தான் தேடுவார். மெனு இல்லாமல் நேராக ஓடும் டிஸ்க் செய்துகொடுத்த பிறகு யாரையும் கூப்பிடாமல் அவரே போட்டுப் பார்க்கிறார்.

தமிழ் சப்டைட்டில் வேண்டுமென்றாலும் பெரும்பாலும் இதே வழிதான். சப்டைட்டில் வரிகள் மட்டும் இருக்கும் ஆங்கில எஸ்ஆர்டி கோப்பை வீடியோவின் பெயரிலேயே பக்கத்தில் வைத்தால் பல பிளேயர்கள் காட்டிவிடும். தமிழ் எஸ்ஆர்டியை வைத்தால் கேள்விக்குறியும் கட்டங்களும்தான் வரிசையாக வரும். சிப்புக்குள் தமிழ் எழுத்துருவும் இல்லை, தமிழ் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையைப் படிக்கவும் தெரியாது. டிவிடி வீடியோவில் சப்டைட்டில் படமாகவே சேமிக்கப்படுவதால் எந்த மொழியும் வரும். ஏவிஐதான் வேண்டும் என்றால், மாற்றும்போதே எழுத்தைப் படத்தின் மேல் பதித்துவிடுங்கள். கோப்பின் பெயரையும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, வரிசை எண்ணோடு வைப்பது நல்லது.

பென் டிரைவ் வைப்பவர்கள் செய்யும் தவறு ஃபார்மேட்டில் இருக்கிறது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் இந்தப் பிளேயர்கள் பொதுவாகப் படிப்பதில்லை, ஃபேட்32 தான் வேண்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பழைய யூஎஸ்பி 1.1 வேகத்திலேயே நின்றுவிட்ட பிளேயர்களும் உண்டு. நொடிக்கு 12 மெகாபிட் என்பது ஏட்டளவில்தான், கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. டிவிடி வீடியோவின் பிட்ரேட் உச்சத்தில் 10 மெகாபிட் வரை போகும். டிஸ்க்கில் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே விஓபி கோப்பு (டிவிடி வீடியோவின் படமும் ஒலியும் இருக்கும் கோப்பு) பென் டிரைவில் தத்தித் தத்தி ஓடுவதற்கு இதுவே காரணம், பிளேயர் கெட்டுப்போனதாக நினைத்துவிடாதீர்கள்.

டிஸ்க் எழுதுவதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் வகை அதிகம் ஒத்துப்போகும். உச்ச வேகத்தில் எழுதாமல் நடுத்தர வேகத்தில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்யும் தேர்வை விட்டுவிடாதீர்கள். மூடப்படாத டிஸ்க்கைக் கணினி படிக்கும், பிளேயரோ 'டிஸ்க் இல்லை' என்று சொல்லிவிடும்.

முழு வீடியோவையும் மாற்றி, முழு டிஸ்க்கையும் எழுதிவிட்டு அதன் பிறகு சோதிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அசைவு அதிகம் உள்ள இரண்டு நிமிடத்தை வெட்டியெடுத்து, இரண்டு மூன்று அமைப்புகளில் மாற்றி, அழித்து எழுதக்கூடிய ஒரு டிவிடி-ஆர்டபிள்யூவில் போட்டுப் பாருங்கள். எது சுத்தமாக ஓடுகிறதோ அந்த அமைப்பை ஒரு தாளில் குறித்துப் பிளேயரின் அடியில் ஒட்டிவைத்துவிடலாம். சிப் மாறப்போவதில்லை என்பதால் அந்தப் பிளேயர் இருக்கும் வரை அதே எண்கள் போதும்.