வீட்டிலேயே சுவர்க்கோழி வளர்த்து மாவாக்குவது எப்படி

முதலில் ஒரு எச்சரிக்கை: இறால், நண்டு ஒவ்வாதவர்கள் சுவர்க்கோழியை (கிரிக்கெட் பூச்சி) தொடவே வேண்டாம். ஒவ்வாமையைத் தூண்டும் டிரோப்போமயோசின் புரதம் இரண்டிலும் உண்டு. வேகவைத்தாலும் அது போகாது. வயலில் பிடித்ததும் வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருக்கும். பண்ணையில் வாங்கிய முதல் கூட்டத்தை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு, அதன் குஞ்சுகளை வளர்த்துச் சாப்பிடுவதே நல்லது.

பெட்டி வழவழப்பான பிளாஸ்டிக்காக, 40 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். மூடியின் நடுவை வெட்டி உலோக வலை பொருத்துங்கள். நைலான் வலையைக் கடித்துவிட்டு வெளியேறும். அட்டை முட்டைத் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தினால் எச்சம் கீழே விழும். வெப்பம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ். 20-க்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

தீனிக்குப் பொடித்த கோழிக்குஞ்சுத் தீவனம், கூடவே கேரட் துண்டு. புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், குஞ்சுகள் மூழ்கிச் சாகும். நனைத்த பஞ்சு போதும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

இறக்கை முளைத்த பெண் பூச்சிக்குப் பின்புறம் ஊசிபோல முட்டையிடும் உறுப்பு நீண்டிருக்கும். 4 செ.மீ. ஆழத்துக்கு ஈரத் தென்னைநார்த் தூள் நிரப்பிய தட்டை 2 நாள் உள்ளே வையுங்கள். மேலே கம்பிவலை போட்டால் முட்டையைத் தோண்டித் தின்னாது. தூளைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது: அதிக ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தால் முட்டை சுருங்கும். தட்டை எடுத்துத் தனியாக 30 டிகிரியில் வைத்தால் 2 வாரத்துக்குள் பொரியும். அதற்கு மேல் 6 முதல் 8 வாரத்தில் அறுவடை.

நடுவில் கெடுவது பெரும்பாலும் ஈரத்தாலும் நெரிசலாலும்தான். அம்மோனியா நெடி அடித்தால் காற்றோட்டத்தைக் கூட்டி, நனைந்த அட்டையையும் எச்சத்தையும் அகற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கூட்டம் கூட்டமாகச் செத்தால் டென்சோவைரஸ் (சுவர்க்கோழியைத் தாக்கும் வைரஸ்) என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு மருந்து கிடையாது. மிச்சத்தையும் அழித்து, பெட்டியைப் பிளீச்சிங் கரைசலில் கழுவிவிட்டுப் புதிய கூட்டத்துடன் தொடங்குவதே வழி.

அறுவடைக்கு 24 மணி நேரம் முன்பே தீனியை எடுத்துவிடுங்கள், குடல் காலியாகும். தண்ணீர்ப் பஞ்சு இருக்கட்டும். பிறகு உறைப்பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு நாள். எடுத்துக் கழுவி, தளதளவெனக் கொதிக்கும் நீரில் 5 நிமிடம். இந்தக் கொதியில் பல கிருமிகள் சாகும், ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் தப்பிவிடும். அதனால் வெந்ததை அறை வெப்பத்தில் போட்டு வைக்காமல் உடனே உலர்த்த வேண்டும்: ஓவனில் (மின்சார அடுப்பில்) 80 டிகிரி, கதவு சற்றே திறந்தபடி. கால் மொறுக்கென ஒடியும் வரை பொறுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் மாவில் பூஞ்சை வரும்.

தேய்த்துப் புடைத்தால் காலும் இறக்கையும் பிரியும். அரைத்துச் சலித்தால் ஒரு கிலோ பூச்சிக்குக் கால் கிலோ அளவுக்கு மாவு தேறும். அதில் பாதிக்கு மேல் புரதம். கொழுப்பும் இருப்பதால் சிக்கு வாடை வரும், காற்றுப்புகாத டப்பாவில் உறைப்பெட்டியில் வையுங்கள். ரொட்டி மாவில் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதம் இதில் இல்லாததால் அதற்கு மேல் போனால் ரொட்டி உப்பாது.