பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்களே, அந்தக் கொப்பியை மூடுங்கள்

போன வாரம் எல்ல ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தம்பியைப் பார்த்தேன். கைடு வேலைக்குப் புதிதாக இறங்கியிருக்கிறான். கோச்சி வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. மதிலில் சாய்ந்துகொண்டு, கையில் ஒரு சீ.ஆர். கொப்பியோடு, "பொன்ஜூர், சவா, செ கொம்பியேன்" (வணக்கம், சுகமா, எவ்வளவு) என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக, எல்லாம் தமிழ் எழுத்தில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் என்னிடமும் ஒரு காலத்தில் இதே கொப்பி இருந்தது.

சொல் மறந்து விழிப்பது, வினைச்சொல்லின் வாலைத் தப்பாகச் சொல்வது எல்லாம் பேசப் பேசச் சரியாகிவிடும், அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தானாகச் சரியாகாத சிலதை மட்டும் சொல்கிறேன்.

தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது

இந்தப் பிழை எனக்கு ஒரு சீசன் வருமானத்தையே தின்றது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அப்போது நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டப் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிப் போவேன். கடைசியில் மேசையில் நாலைந்து கோப்பை வைத்து ருசி பார்க்கக் கொடுப்பார்கள். ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் இரண்டாவது கோப்பையைக் காட்டி "கெல் கூ?" என்று கேட்டார். என் கொப்பியில் "கூ = விலை" என்று இருந்தது. சந்தோஷமாக "மில் தெ சான்" என்றேன், ஆயிரத்து இருநூறு. அவர் சிரித்துவிட்டு "நோன், நோன், லு கூ" என்றார். ஓகோ, விலை கூடிப்போச்சு என்கிறார் போல என்று ஆயிரத்துக்கு இறக்கினேன். மறுபடியும் "நோன்". எண்ணூறு. அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது, கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு பக்கற் கூட வாங்கவில்லை. "இவன் வெள்ளைக்காரர்களை வாங்கச் சொல்லி நெருக்குகிறான்" என்று பேச்சு மேலே போய், அந்த சீசன் முழுக்கப் பிரெஞ்சு குழுக்கள் வேறு ஒருவருக்குப் போயின.

விஷயம் எனக்குப் பிடிபடவே பல மாதம் ஆனது. பாரிஸில் லா ஷபேல் பக்கம் இருக்கும் ஓர் அக்கா விடுமுறைக்கு வந்திருந்தார். கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, அந்த ஆள் கேட்டது ருசி, நீ சொன்னது விலை."

விலைக்கும் "கூ", ருசிக்கும் "கூ". நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்று. பிரெஞ்சில் விலைக்கு வரும் க, 'கடை'யில் வருகிற க. ருசிக்கு வரும் க, 'தங்க'த்தில் வருகிற க. நம் வாய்க்கு இரண்டும் நன்றாகத் தெரியும். ஆனால் தமிழில் சொல்லுக்குள் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே சத்தம் மாறிவிடுவதால் எழுத்து ஒன்றே போதும். பிரெஞ்சில் இரண்டு சத்தமும் சொல்லின் தலையிலேயே வரும், பொருளையும் மாற்றும். ப-வுக்கும் இதே கதை. பாண் கேட்பதும் "பேன்", குளியல் என்பதும் "பேன்". பாணுக்குப் 'பாட்டி'யின் ப, குளியலுக்குத் 'தம்பி'யில் வருகிற சத்தம். மீனும் குடிபானமும் அப்படித்தான், இரண்டும் கொப்பியில் "புவாசோன்". (இந்தக் கட்டுரையையும் தமிழ் எழுத்திலேயே எழுதி மாட்டிக்கொண்டேன் என்பது தெரிகிறது, சிரிக்காதீர்கள்.)

என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதில் இரண்டு க-வும் இரண்டு ப-வும் தனித்தனி, அதனால் இந்த வலையில் அவர் விழவில்லை. ஆனால் 'மேலே', 'கீழே' என்ற சொற்களில் அவரும் விழுந்தார். இரண்டையும் நாங்கள் "தெசு" என்றோம். 'கீழே'க்கு நம் உ சரி. 'மேலே'க்கு நாக்கை இ-க்கு வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் உ-வுக்குக் குவிக்க வேண்டும். சிவனொளிபாத மலைப் படியில் நின்று இதை மாற்றிச் சொன்னால் ஆள் வந்த வழியே இறங்கிவிடுவார்.

சத்தத்தில் ஒரே ஒரு இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. வீட்டில் "அவன் வந்தான்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ன்-இல் நாக்கு எங்கேயும் முட்டாது, மூக்கால் போகும். "பொன்ஜூர்", "பேன்" இரண்டிலும் வருகிற ன் ஏறக்குறைய அதுதான். எழுத்தைப் பார்த்து 'பொன்' என்று அழுத்தினால் கெட்டது.

என்ன செய்வது? முதலில் காதால் கேளுங்கள், போனில் பதிவு செய்து திருப்பிச் சொல்லுங்கள், எழுதுவதென்றால் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதுங்கள். நண்பன் ஒருவனிடம் பாண், குளியல் என்று மாற்றி மாற்றிச் சொல்லி, அவன் சரியாகக் கண்டுபிடிக்கிறானா பாருங்கள். கண்டுபிடிக்கவில்லை என்றால் பிழை உங்கள் வாயில்.

பொன்ஜூர் சொல்லாமல் கேள்வி கேட்பது

வேண்டவே வேண்டாம்.

சொல்லை மட்டும் படிப்பது

"லு தே" (தேநீர், ஆண்பால்), "லா கார்" (ரயில் நிலையம், பெண்பால்). ஆண்பாலா பெண்பாலா என்பதையும் சேர்த்தே படியுங்கள், பிறகு ஒட்டவைக்க முடியாது.

இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போவது

நம் பிள்ளைகள் மனதில் முதலில் இங்கிலீஷ் வாக்கியத்தைக் கட்டி, அதைப் பிரெஞ்சாக்கி, "ஜு சுவி ஃபேன்" என்கிறார்கள். நான் பசியாக இருக்கிறேன் என்று சொன்ன மாதிரி. பிரெஞ்சில் பசி என்பது ஆளிடம் இருக்கிற ஒரு பொருள், "ஜே ஃபேன்". 'எனக்குப் பசி' என்று நாம் சொல்வதற்கு அது எவ்வளவு பக்கம்! 'எனக்கு 22 வயது' என்பதும் அப்படியே. நுவரெலியாவில் நடுங்கும்போது "ஜே ஃப்ருவா" என்றால் எனக்குக் குளிர். "ஜு சுவி ஃப்ருவா" என்றால் நான் ஒட்டுறவில்லாத ஆள் என்று ஆகிவிடும்.

ஒன்றிலிருந்து பத்தோடு நிறுத்துவது

விலை சொல்ல, நேரம் சொல்ல, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்ட 1867-ஐச் சொல்ல எண் வேண்டும். 70 என்றால் அறுபதும் பத்தும், 80 என்றால் நாலு இருபது, 97 என்றால் நாலு இருபதும் பதினேழும். கணக்குப் பாடம் மாதிரித்தான், அழுதுகொண்டே படியுங்கள். பெல்ஜியம், சுவிஸ்காரர்கள் 70-க்கு "செப்தாந்த்", 90-க்கு "நோனாந்த்" என்று நேராகச் சொல்வார்கள், புண்ணியவான்கள்.

இரண்டு மணிக்கு "தெஸர்", பன்னிரண்டு மணிக்கு "தூஸர்". அப்புத்தளையில் ஆட்டோ இரண்டு மணிக்கு வரும் என்று நான் சொன்னதைப் பன்னிரண்டு என்று கேட்டு, ஒரு குடும்பம் பையோடு இரண்டு மணித்தியாலம் பனியில் நின்றது. இப்போது நேரம் சொல்லும்போது போனைத் திறந்து எண்ணைக் காட்டிவிடுவேன்.

"நெஃப்" என்றால் ஒன்பது, புதியது என்றும் அர்த்தம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் ஒன்பது, பின்னால் நின்றால் புதியது. நம் ஒன்பது வளைவுப் பாலத்தைச் சுருக்கி "பொன் நெஃப்" ("பொன்" என்றால் பாலம்) என்று ஒரு பையன் சொன்னான், வந்தவர்கள் சிரித்தார்கள். அது பாரிஸில் உள்ள பாலத்தின் பெயர். புதுப் பாலம் என்று பெயர், அங்கே சென் நதியின் மேல் நிற்கும் பாலங்களில் அதுதான் ஆகப் பழையது.

"தூ" போடுவது

"தூ" என்றால் நீ, நீங்கள் என்பதற்கு "வூ". ஆள் சின்னவராக இருந்தாலும் "வூ".

"மெர்சி" என்றதும் ஊற்றுவது

தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் சிலர் "மெர்சி" என்பார்கள், நாம் கேத்தலைச் சரித்துவிடுவோம். பல நேரம் அது 'வேண்டாம், நன்றி'. கோப்பையின் மேல் கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.