அசையும் உறுப்புக்கு முன்கூட்டியே பெயரிடுங்கள்

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த படத்தை வலைப்பக்கத்தில் அசையவைக்க எஸ்விஜி என்ற வெக்டர் படக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் முன், அசையவேண்டிய ஒவ்வொரு உறுப்பையும் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரிட்டு, ஏற்றுமதிச் சாளரத்தின் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ அமைப்பில் ‘லேயர் நேம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேயரின் பெயரே கோப்பினுள் ஐடியாக (உறுப்பின் அடையாளப் பெயராக) எழுதப்படுவதால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸோ அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டோ அந்த உறுப்பை நேரடியாகக் குறிப்பிட முடிகிறது. பெயரற்ற கோட்டு வடிவங்களுக்கிடையே எது கை, எது கால் என்று தேடும் வேலை (உண்மையில் நேரத்தைத் தின்பது அதுதான்) இல்லாமல் போகிறது. இங்க்ஸ்கேப் என்ற மற்றொரு வரைகலை மென்பொருளில் லேயர் பெயரும் ஐடியும் வெவ்வேறு என்பதால், ஐடியைப் பொருளின் பண்புகள் பலகத்தில் தனியாக மாற்றவேண்டும். கோப்பைச் சுருக்கும் கருவிகள் பயன்படாத ஐடிகளை நீக்கக்கூடும். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். படத்தை ஹெச்டிஎம்எல்லின் இமேஜ் டேக் (img) வழியாகச் சேர்த்தால், பக்கத்தின் சிஎஸ்எஸ் அதனுள் எட்டாது என்பதால், இம்முறை பயன்படாது.