பேசல் செல் புற்றுநோய்: புதிய சிகிச்சைச் செய்திகளை எப்படிப் படிப்பது?

அம்மாவின் மூக்கோரத்தில் இருந்த கறுப்புப் புள்ளி பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று பயாப்சியில் (திசுச் சோதனையில்) தெரிந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிந்தன. சித்தப்பா ஒரு க்ரீம் பற்றி அனுப்பினார், ஈப்போ அத்தை இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) பற்றி அனுப்பினார். எல்லாம் அக்கறைதான். அவற்றில் சொன்ன ஆய்வுகளும் உண்மையானவைதான். ஆனால் அம்மாவுக்கு எது பொருந்தும்? அதைப் பிரித்துப் பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் பயாப்சி அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் வகை இருக்கும். சூப்பர்ஃபிஷியல் என்றால் மேல்தோலை ஒட்டியே படர்வது, நாடுலர் என்றால் உருண்டு திரள்வது, இன்ஃபில்ட்ரேட்டிவ் என்றால் எல்லை தெரியாமல் உள்ளே ஊடுருவுவது. வகை தெரியாமல் எந்தக் கட்டுரையைப் படித்தும் பயனில்லை. அம்மாவுடையது நாடுலர், பிக்மென்டட், அதாவது நிறமி கொண்டது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது பெரும்பாலும் கறுப்பாக, மச்சம் மாதிரியே வரும். இணையத்தில் அதிகம் காட்டும் இளஞ்சிவப்புப் படங்களோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

அடுத்து, எத்தனை ஆண்டு கழித்துப் பார்த்தார்கள் என்று தேடுங்கள். இந்தக் கட்டி மெதுவாக வளர்வது. அதனால் ஓராண்டு முடிவு போதாது. சூப்பர்ஃபிஷியல் வகைக்கு ஒளிச் சிகிச்சை (மருந்து தடவி ஒளி பாய்ச்சுவது) தந்த நெதர்லாந்து ஆய்வில், ஓராண்டில் கட்டி இல்லாதவர்கள் சுமார் 73 விழுக்காடு, ஐந்தாண்டில் 63. அதே ஆய்வில் இமிக்விமாட் க்ரீம் ஐந்தாண்டிலும் 80 விழுக்காட்டில் நின்றது. சித்தப்பா சொன்ன க்ரீம் இதுதான். ஆனால் 2014இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் இதே க்ரீமை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். மூன்றாண்டில் க்ரீமுக்கு 84, அறுவைக்கு 98. முகம் என்றால் இந்த இடைவெளி எனக்குப் பெரியது.

அப்புறம், ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள்? அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்ற விஸ்மோடெகிப், 2015இல் வந்த சோனிடெகிப் இரண்டும் கட்டியை வளரத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை அடைக்கும் மாத்திரைகள். தசைப்பிடிப்பு, நாக்கில் ருசி போவது, முடி கொட்டுவது எல்லாம் வரும். வெட்டவோ கதிர்வீச்சு தரவோ முடியாத முற்றிய நோய்க்குத்தான் அவை. அத்தை அனுப்பிய இம்யூனோதெரபி மருந்தான செமிப்லிமாப் 2021இல் இந்தப் புற்றுக்கு அனுமதி பெற்றது. அது இந்த மாத்திரைகளும் பலன் தராதவர்களுக்கு, அல்லது அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. அம்மாவின் சின்னக் கட்டிக்கு இவை தேவையே இல்லை.

அம்மாவுக்குச் செய்தது மோஸ் அறுவை. 1930களில் ஃபிரெடெரிக் மோஸ் தொடங்கிய முறை. மெல்லிய அடுக்காக வெட்டி, ஓரம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்து, புற்று மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். ஒவ்வொரு அடுக்கின் முடிவுக்கும் அம்மா மூக்கில் கட்டோடு வெளியே காத்திருந்தார். மரத்துப்போன உதட்டோடு கோப்பி குடிக்கச் சிரமப்பட்டார். காத்திருக்கும் இடம் குளிராக இருக்கும், சட்டையோடு ஒரு சால்வையும் கொண்டு போங்கள்.

வைட்டமின் பி3 பற்றியும் கேள்விப்படுவீர்கள். 2015 ஆஸ்திரேலிய ஆய்வில் நிக்கோட்டினமைட் புதிய கட்டிகளை 23 விழுக்காடு குறைத்தது. ஏற்கெனவே பலமுறை தோல் புற்று வந்தவர்களிடம் பார்த்தது அது. உறுப்பு மாற்று செய்தவர்களிடம் 2023இல் பலன் தெரியவில்லை. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு தேசியத் தோல் நிலையத்துக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். போகும்போது கட்டுரைக் கட்டு வேண்டாம், ஒன்றே ஒன்றை எடுத்துப் போய், “இதில் இருந்தவர்களின் கட்டியும் அம்மாவுடையதும் ஒரே வகையா, ஒரே இடமா?” என்று கேளுங்கள்.