ஆளைப் பார்த்து அட்டவணை: உடற்பயிற்சி வகுப்பது எப்படி

புதிதாக ஒருவர் ஜிம்முக்கு வந்தால், பாரத்தைக் கையில் கொடுக்க முன்னம் அரை மணித்தியாலம் இருத்திக் கதையுங்கள். "வருத்தம் ஏதும் இருக்கா?" என்றால் "ஒண்டுமில்லை" என்றுதான் பதில் வரும். "கிளினிக் போறனீங்களோ? என்ன குளிசை போடுறீங்கள்?" என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நெஞ்சு நோ, தலைச்சுற்று இருந்தால் வைத்தியர் பார்த்த பிறகே தொடங்கலாம். இருந்தபடியே பிரஷர் 180/110ஐத் தாண்டினால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.

குளிசை முழு அட்டவணையையும் மாற்றிவிடும். பிரஷருக்கு அட்டெனோலோல் குளிசை போடுபவருக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அதற்கேற்ப ஏறாது. 220இலிருந்து வயதைக் கழித்து இலக்கு வைத்தால், அதை எட்டப்போய் அளவுக்கு மிஞ்சிக் களைத்துப்போவார். நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அவருக்கு அதுதான் அளவு. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைட் குளிசையோ எடுப்பவருக்குத் தொடங்க முன் இரத்தத்தில் சீனி 100 mg/dLக்குக் கீழே இருந்தால், ஒரு சின்ன வாழைப்பழம் கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நல்லூர்த் திருவிழா, கந்தசஷ்டி நாட்களில் விரதமா என்று நீங்களாகவே கேட்கவேண்டும். அவர்கள் சொல்லமாட்டார்கள்.

கால் பலத்தை அளக்க ஒரு கதிரை போதும். 17 அங்குல உயரம், கைப்பிடி இல்லாதது; சுவரோடு சாத்தி வையுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 செக்கனில் எத்தனை தரம் எழும்புகிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் பெண்ணுக்கு 12க்கும் ஆணுக்கு 14க்கும் குறைந்தால் கால் பலவீனம். அப்படிப்பட்டவருக்கு மெத்தை போட்டுக் கதிரையை உயர்த்தி, 8 தரம் வீதம் இரண்டு சுற்றுக் கொடுங்கள். எழும்பும்போது மூச்சை வெளியே விடவேண்டும். அடக்கினால் பிரஷர் சட்டென ஏறும். அடுத்தடுத்த இரண்டு நாள் பயிற்சியில் கடைசிச் சுற்றில் 10 தரம் எழும்பினால் மெத்தையை எடுத்துவிடலாம். முழங்கால் நோ அடுத்தநாள் காலையிலும் இருந்தால் சுற்றைப் பாதியாக்குங்கள். முழுதாக நிறுத்தினால் தசை இன்னும் மெலிந்து நோ கூடும்.

செயற்கைக்கால் போட்டவருக்கு முதல் 10 நிமிடத்திலேயே காலைக் கழற்றித் தோலைப் பார்க்கவேண்டும். சிவப்பு 10 நிமிடத்தில் மறையாவிட்டால் செயற்கைக்காலின் கிண்ணம் (வெட்டிய கால் உள்ளே இருக்கும் பகுதி) சரியாகப் பொருந்தவில்லை. அதைத் திருத்திய பிறகே பயிற்சி. உடம்பில் ஷெல் துண்டு உள்ளவரிடம் எந்த இடம், அழுத்தினால் நோகுமா என்று மட்டும் கேளுங்கள். எப்படிப் பட்டது என்று துருவ வேண்டாம்.

செய்கிற வேலையும் கணக்கில் வரவேண்டும். காலையெல்லாம் குனிந்து வெங்காயம் நட்டவருக்குப் பின்னேரம் குனிந்து தூக்கும் பயிற்சி கொடுத்தால் இடுப்புப் பிடிக்கும். அன்றைக்கு இழுக்கும் பயிற்சி கொடுங்கள். வங்கியில் இருந்து வேலைசெய்பவருக்கு வாரம் 150 நிமிட நடையோ சைக்கிளோ முதலில் சேரவேண்டும். சித்திரை வெயிலில் அதைக் காலை 7 மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

நாலு கிழமைக்கு ஒருக்கால் அதே கதிரையில் திரும்ப எண்ணி, கொப்பியில் பதியுங்கள். எண்ணிக்கை கூடாவிட்டால் பாரத்தை ஏற்ற முன்னம் நித்திரையையும் சாப்பாட்டையும் விசாரியுங்கள்.